தொப்பிக்காரனைக் கிணற்றிலிருந்து எடுப்பது எப்படி

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் ஆயிரம் ஆசிகளோடும் ஒரே ஒரு அவசரத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அக்கா நலம், அவளுடைய மூட்டுவலியும் அவளைப் பிரியாமல் நலமாகவே இருக்கிறது. அங்கே நீங்களும் வீட்டாரும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாதவன் தொப்பிக்காரன் ஒருவன்தான். நேற்று மாலையிலிருந்து அவன் செத்துக்கொண்டே இருக்கிறான். இதை எழுதுகிற இந்த நிமிடத்திலும் கூடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்கிறது: டுய்ங், டொப். டுய்ங், டொப். அவனைக் கொன்றது நான். சரியாகச் சொன்னால், ஒழுங்காகச் சாகவிடாமல் செய்தது நான்.

பரணைச் சுத்தம் செய்தபோது அகப்பட்டது என்று அந்தப் பழைய கம்ப்யூட்டரை அக்காவுக்கு அனுப்பிவைத்தீர்கள் அல்லவா, சின்ன வயதில் நீங்கள் இருவரும் டி.வி.யில் மாட்டி விளையாடினது, அது வந்த நாளிலிருந்து அவள் தொப்பிக்காரன் ஆட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பெரிய பங்களா, அறை அறையாகத் தாண்டிப் போகிற ஒரு குட்டை மனிதன், திரையின் அடியில் வரிசையாகத் தொப்பிகள், ஒரு தடவை செத்தால் ஒரு தொப்பி போச்சு, கடைசி அறைக்கு முன்னால் ஒரு கிணறு. உங்களுக்குத் தெரியாததா. இந்த ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்கலாம், ஆனால் சுவிட்சை அணைத்தால் முதல் அறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் மூன்று வாரமாக மெஷின் அணையவே இல்லை. ஃபியூஸ் போய்விடும் என்ற பயத்தில் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை, வாஷிங் மெஷினுக்குத் தடை, வெந்நீருக்குத் தடை. வெளியே போனால் தெரிந்தவர்கள் என் சட்டையைப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று மெதுவாகக் கேட்கிறார்கள்.

அவளுக்கு இது வெறும் விளையாட்டில்லை, மச்சான். நீங்கள் மூன்றாம் வகுப்பில் இந்த ஆட்டத்தை முடித்ததும், உங்கள் அப்பா மகிழ்ந்துபோய்த் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி உங்கள் கையில் கட்டினதும், அக்கா கிணற்றையே தாண்டவில்லை என்பதும்தான் எங்கள் கல்யாணத்தன்று நீங்கள் எனக்குச் சொன்ன முதல் செய்தி. அதற்குப் பிறகு எந்த விருந்திலும் அதைச் சொல்லாமல் நீங்கள் கை கழுவினதில்லை. டி.வி.யின் அடிப்பகுதியில் யாரோ அட்டை ஒட்டியிருந்தார்கள், எத்தனை தொப்பி மிச்சம் என்றே பார்க்காமல் ஆடினேன் என்பீர்கள். கிணற்றில் விழுந்து, அழுதுகொண்டே சாப்பிடப் போய், திரும்பி வந்து பார்த்தால் ஆள் தானாகவே மேலே ஏறி நின்றான் என்பீர்கள். "துணிஞ்சவனுக்கு மெஷினே வழி விடும் அத்தான்" என்று முடிப்பீர்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் உங்கள் அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அடுத்த மாதம் நீங்கள் வருவதற்குள் கடைசி அறையை முடித்து ஒரு தடவையாவது உங்கள் வாயை அடைக்க வேண்டும், அவளுக்கு இருப்பது அந்த ஒரு ஆசைதான். எனக்கும்தான்.

இந்த நிலைமையில், மீட்டர் பலகையை மாற்ற எலக்ட்ரீசியன் வருகிற செவ்வாய்க்கிழமை வருகிறார், அன்றைக்குக் கரண்ட் இருக்காது என்று வீட்டுக்காரர் சொல்லியனுப்பினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் கம்ப்யூட்டரின் முதுகில் நீங்கள் மாட்டியே அனுப்பியிருந்த கறுப்புப் பெட்டி கண்ணில் பட்டது. சோப்புப் பெட்டி அளவு, நடுவில் சிவப்புப் பொத்தான். கூட வந்த குறிப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பொத்தானை அமுக்கினால் ஆட்டம் அந்த நொடியில் அப்படியே உறைந்து நிற்குமாம். அதை முழுசாக ஒரு கேசட்டில் பதிந்துவைத்து, பிறகு ஏற்றினால் விட்ட இடத்திலிருந்து ஆடலாமாம். அது போதாதென்று, மெஷினின் வயிற்றுக்குள் எந்த இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கலாம், வேண்டுமானால் மாற்றியும் வைக்கலாம். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் தப்பைத் தேடிப் பிடிப்பதற்கான வசதி அது. அக்காவிடம் சொன்னேன். "அந்தத் திருட்டுப் பெட்டியைத் தொட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். "சேமிச்சு மட்டும்தானே வைக்கப்போறோம்" என்றேன். "சேமிக்கிறேன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க" என்றாள்.

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்பதை இங்கே நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். பிஸ்கட் ஓடுகிற பட்டையை நிறுத்துவதற்கு என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆபத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். ஓய்வு பெறுகிற நாள்வரை ஒரு பாழாய்ப்போன ஆபத்தும் வரவில்லை. அந்த ஏக்கம் மற்றவர்களுக்குப் புரியாது. நேற்று அக்கா காய்கறி வாங்கப் போனாள், நான் பொத்தானை அமுக்கினேன். ஆகா, என்ன சுகம்! தொப்பிக்காரன் ஒரு காலைத் தூக்கினபடி நின்றுவிட்டான். சேமிக்கவா, பார்க்கவா, மாற்றவா என்று மெஷின் என்னைக் கேட்டது. வேலைக்காலத்தில் யாரும் என்னை இவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை. சேமித்துவிட்டு எழுந்திருந்தால் நான் மனிதன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆட்டங்களின் பெயரும் எண்களுமாகப் போட்டிருந்தது. தொப்பிக்காரன் ஆட்டத்துக்கு, இன்ன இடத்தில் பூஜ்யம் போட்டால் தொப்பி குறையவே குறையாது. அந்த ஒரு வரிக்கு அடியில் மட்டும் பென்சில் கோடு. யார் போட்ட கோடு என்று நான் கேட்கமாட்டேன் மச்சான், ஒருவருடைய கைக்கடிகாரம் சம்பந்தப்பட்ட விஷயம். அக்காவுக்கு மிச்சம் இருந்ததோ ஒரே ஒரு தொப்பி. பாவம் என்று தோன்றியது. பூஜ்யத்தைப் போட்டேன், அப்புறம்தான் கேசட்டில் பதிந்தேன். வெற்றுக் கேசட் கிடைக்கவில்லை. உங்கள் கல்யாணத்தில் நீங்களே மைக்கைப் பிடுங்கிப் பாடினீர்களே, அந்தக் கேசட்தான் கைக்கு வந்தது. பெரிய நஷ்டம்தான், என்ன செய்வது.

அவள் வந்து உட்கார்ந்தாள். நாலைந்து நாளாகவே தொப்பிக்காரனைக் கிணற்றோரம் நிறுத்திவைத்துக்கொண்டு, குதிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று, "குதிம்மா, ஒண்ணும் ஆகாது" என்றேன். திரும்பிப் பார்த்து, "என்னைக்கும் இல்லாத தைரியம் இன்னைக்கு என்ன?" என்றாள். ஆனாலும் கட்டின புருஷன் சொல்கிறானே என்று குதித்தாள். நேராகக் கிணற்றுக்குள் விழுந்தான். செத்தவனை, அந்த இடத்துக்குள் எப்படி வந்தானோ அதே நிலையில் எழுப்பி நிறுத்துவது இந்த ஆட்டத்தின் வழக்கம். அவன் விழுந்துகொண்டே வந்தவன். ஆகவே அந்தரத்தில் எழுகிறான், விழுகிறான், சாகிறான், மறுபடி அந்தரத்தில் எழுகிறான். தொப்பி குறைந்தால் அதோடு ஆட்டம் முடிந்து அவனுக்கும் விமோசனம் கிடைத்திருக்கும். நான்தான் குறையவிடாமல் செய்துவிட்டேனே.

அக்கா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் கடைக்குப் போனப்போ யாராச்சும் வந்தாங்களா?"

"எலக்ட்ரீசியன் வந்து பார்த்துட்டுப் போனார்."

"மெஷின்ல கை வச்சாரா?"

"லேசா வச்சிருப்பார்."

"சரி" என்று எழுந்து உள்ளே போனவள், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். என் மனம் என்ன பாடு பட்டிருக்கும், சொல்லுங்கள். பதறிப்போய் மறுபடி பொத்தானை அமுக்கி, நிலைமை இதற்குமேல் கெடுவதற்குள் என்று உடனே சேமித்தேன். அதே கேசட்டில், அதே இடத்தில், முன்னால் பதிந்ததன் மேலேயே. ஆகவே இப்போது நம்மிடம் பத்திரமாக இருப்பது ஒரு மனிதன் விழுந்துகொண்டிருப்பது மட்டும்தான். எத்தனை தடவை ஏற்றினாலும் விழுகிறான். டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், சத்தம் கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்தே வருகிறது, குறைக்க வழி இல்லை. தலையணை போட்டு மூடினேன், தலையணை சுடுகிறது.

போனில் கேட்டால் அவள் காதில் விழும். குறுஞ்செய்தி அனுப்பினால், என் கண்ணாடி எங்கே என்று நான் தேடுவதற்குள் உங்கள் பதிலை அவள் படித்துவிடுவாள். அதனால்தான் பால்கனியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுகிற பாவனையில் இதை எழுதுகிறேன். எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்றினால் ஆளைக் கிணற்றுக்கு மேலே தூக்கி வைக்கலாம்? பூஜ்யத்துக்கு முன்னால் அங்கே என்ன எண் இருந்தது? நான் குறித்துக்கொள்ளவில்லை. ஆட்டத்தை முடித்த ஒரே ஆள் நீங்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. செவ்வாய்க்கிழமைக்குள் பதில் வர வேண்டும். உங்களை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன், அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவள் தோற்றால் நான் தாங்கிக்கொள்வேன் மச்சான். என்னால் தோற்றாள் என்று ஆகிவிட்டால் தாங்கமாட்டேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உங்களுக்கு நீண்ட ஆயுள், அதுவும் அளவான தொப்பிகளோடு.

இப்படிக்கு,
கசங்கிய சட்டையோடு காத்திருக்கும்
உங்கள் அன்பு அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் உங்கள் அக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, புத்தகத்தைத் திறக்காமலேயே மனப்பாடமாக எண்களைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். தொப்பிக்காரன் கிணற்றோரம் நல்ல பிள்ளையாக நின்றான். "தொப்பி?" என்றேன். "எத்தனை இருந்துச்சோ அத்தனைதான். ஒண்ணு" என்றவள், "குறுக்கெழுத்து முடிஞ்சுதா?" என்று கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். படித்துப் படித்துச் சிரித்தாள். நேற்றுத் துண்டுக்குள்ளும் சிரிப்புதானாம். பென்சில் கோடு அவள் போட்டதாம். தொப்பி குறையாதது உங்கள் கண்ணில் படக்கூடாதென்று டி.வி.யில் அட்டை ஒட்டினதும் அவளாம். "அழுதுக்கிட்டே சாப்பிடப் போனான், பார்க்கச் சகிக்கல. பொத்தானை ஒரே ஒரு நாள்தான் அமுக்கினேன், அதுக்கு முப்பது வருஷமா அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். பிறகு உட்கார்ந்து ஒரே தாவலில் கிணற்றைத் தாண்டினாள், கடைசி அறைக்குள் போனாள், கண் மூடித் திறப்பதற்குள் செத்தாள். தன் கையாலேயே சுவிட்சை அணைத்து, "சட்டையைக் கழட்டிக் குடுங்க" என்றாள். இஸ்திரிப் பெட்டி இப்போது சுட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே நீங்கள் பதில் எழுத வேண்டாம். இந்தக் குடும்பத்தில் அந்த ஆட்டத்தை முடித்தவர் இதுவரை யாருமில்லை. வரும்போது கைக்கடிகாரத்தை மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள். அதை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேரும் முதல் அறையிலிருந்து ஆடுவீர்களாம். இந்தத் தடவை அட்டை ஒட்டமாட்டாளாம்.