இரண்டு பேர் இருந்தால் இலவசம்

ஒன்பது மணிக்குக் கூட்டம். எட்டு இருபதுக்கு வெண்டல் ப்ரூயிட்டின் கார் அட்லாண்டா நெடுஞ்சாலையில் நத்தையாய் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே, காரில் இரண்டு பேர் இருந்தால் மட்டும் போகக்கூடிய தடம் காலியாகக் கிடந்தது.

அதில் தனியாக வருபவர்களையும் டோல் வாங்கிக்கொண்டு விடலாமா என்று இரண்டு வருடம் ஆராய்ந்தவனே வெண்டல்தான். 'விடலாம்' என்று இன்று மேடையில் சொல்ல வேண்டும். பிந்தினால் அத்தனை உழைப்பும் வீண்.

சாலையை விட்டிறங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்ற பெண்மணியிடம் கெஞ்சினான்.

"மேடம், நகர மன்றம் பக்கமா?"

"அங்கேதாங்க, டோல் கூட்டத்துக்கு! என் கார் நடுவழியில நின்னுபோச்சு."

"ஏறுங்க, ஏறுங்க!"

பெயர் ஒடெஸா என்றாள். கார் இலவசத் தடத்தில் பறந்தது.

"டோல் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மெல்லக் கேட்டான்.

ஒடெஸா அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "அநியாயங்க! சேர்ந்து போற ஜனங்க வழியில உண்டியல் வைக்கிறதா?"

வெண்டலுக்குப் பகீரென்றது. உண்மையைச் சொன்னால் இறங்கிக்கொள்வாளே!

"பகல் கொள்ளைங்க!" என்றான்.

"அறிக்கை எழுதினவன் ரோட்டையே பார்த்திருக்க மாட்டான்."

"மடையன்!"

"வடிகட்டின மடையன்! மண்டையில என்னதான் இருக்குமோ?"

"களிமண்ணுங்க" என்றான் வெண்டல், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு.

எட்டு ஐம்பதுக்கே போய்ச் சேர்ந்தார்கள். நழுவப் பார்த்தான். வாசலிலேயே எதிர்ப்பாளர்கள் 'டோல் ஒழிக' பட்டையை இருவர் சட்டையிலும் குத்தினார்கள். ஒடெஸா பார்த்துக்கொண்டிருந்தாள், எப்படி மறுப்பது? எதிர்ப்பாளர் வரிசையிலேயே அவளுடன் உட்கார்ந்தான். கூட்டம் கோஷம் போட்டது. அவள் போட்டாள். அவனும் போட்டான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "டோலை ஆதரித்து அறிக்கை எழுதிய திரு. வெண்டல் ப்ரூயிட் மேடைக்கு வரவும்!"

பட்டையோடு எழுந்தான். வரிசை முழுவதும் அவன் பக்கம் திரும்பியது.

"அந்த மடையன் நீங்களா?" என்றாள் ஒடெஸா.

"மன்னிச்சிருங்க மேடம். நீங்க பாதியில இறங்கிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

அவள் முகம் விசித்திரமாகச் சிவந்தது. திட்டப் போகிறாளா, சிரிக்கப் போகிறாளா என்று புரியவில்லை.

அதற்குள் வாசல் காவலர் மூச்சிரைக்க ஓடிவந்து அவளிடம் குனிந்தார்.

"முதலாளியம்மா, இங்கேயா இருக்கீங்க? டோல் வசூலிக்கப் போற உங்க கம்பெனிக்கு அந்தப் பக்கம் முதல் வரிசைங்க!"