ரிகர்சல் மேடம்

பெங்களூரிலேயே மிகச் சிறந்த குடிகாரர் யார் என்று கேட்டால், வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தறியாத ஓர் அம்மையாரைத்தான் சொல்வேன்.

பிரேசர் டவுனில் குடியை நிறுத்த விரும்புவோருக்கான ஆலோசனை மையம் ஒன்றில் அவர் சமூகப் பணியாளர். பேச்சுப்போட்டிக் கோப்பைகள் பல வென்றவனாகிய நான், களப்பயிற்சி மாணவனாக அங்கே சேர்ந்தேன். பிற இடங்களில் சிகிச்சைத் திட்டத்தை எழுதுவார்கள், இவர் நடிப்பார். குடியை விட வந்தவர் தானாகவே இருந்து பேசிப் பழக, முதலாளி, மாமியார், பார் நண்பன் என எதிராளியின் வேடங்கள் அனைத்தும் அவருக்கே. ஆகவே ஊருக்கெல்லாம் அவர் ‘ரிகர்சல் மேடம்’. ஒருமுறை மாமியாராக அவர் அழுத அழுகைக்குப் பக்கத்து பேக்கரிக்காரர் தண்ணீரோடு ஓடி வந்தார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜீவனஹள்ளி ஆட்டோக்காரர் முருகன். அவர் மனைவி செல்வி, கணவரின் குடி தாளாமல் மகளோடு அத்திபெலேயிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அவர்களைத் திரும்ப அழைத்து வர வேண்டும். முருகனுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. முதலில், குடிக்க அழைக்கும் நண்பனை மறுக்கப் பழகுவது. அதில் நிலைத்தபின் அத்திபெலே போவது. மேடமும் அவரும் பேசி வகுத்த திட்டம் இதுவே.

நண்பன் வேடத்தை மேடம் அன்று எனக்கு அளித்தார். கொடுத்த தலைப்பில் தோற்றுப் பழகியவனல்லன் நான். உழைப்பின் களைப்பு, நட்பின் மாண்பு, மழையின் குளிர் என அடுக்கினேன். முருகன் எழுந்துவிட்டார்.

“இவரு சொல்றதும் கரெக்டாதான் மேடம் இருக்கு. நான் கிளம்பறேன்.”

மேடம் பாய்ந்து கதவை மறித்தார். “உக்காருப்பா! ஏன் தம்பி, நீ எந்தக் கட்சி? நம்ம கட்சியா, பார் கட்சியா?”

அத்துடன் என் நடிப்பு வாழ்வு முடிந்தது. மேடமே நண்பரானார், மச்சான் என்றார், தோளில் கை போட்டார், கெஞ்சினார். முருகன் மறுக்கக் கற்றார், வெளியிலும் மறுத்தார். சில மாதங்கள் கழிந்தபின் மேடம் செல்வியானார்.

“எந்த மூஞ்ச வெச்சிக்கினு வந்த? போ, உன் பாட்டிலோடயே குடும்பம் நடத்து!”

ஒவ்வொரு வசவுக்கும் பணிவான பதிலொன்றை மனப்பாடம் செய்துகொண்டு அத்திபெலே புறப்பட்டார் முருகன். மதியம் மேடத்தின் கைப்பேசி அலறியது. ஸ்பீக்கரில் முருகனின் பதறிய குரல்:

“மேடம், மோசம் போச்சு! இவ திட்டவே மாட்டேங்கறா. சாப்டியான்னு கேக்கறா. இதுக்கு நாம ரிகர்சலே பண்லியே!”

“சாப்டலன்னு சொல்லுப்பா.”

“அப்பறம்?”

“அப்பறம் போன வெச்சிட்டு உள்ள போய் கைய கழுவு!”

அடுத்த வாரம் மூவரும் ஆட்டோவில் வந்து இறங்கினர். செல்வி மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன மாதிரியே திட்டுவீங்களாமே? எங்க, திட்டுங்க மேடம், பாப்போம்.”

எவர் வேடத்துக்கும் தயங்காத மேடம் அன்று மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போதும் மேடையேறுமுன் ஒரு காலி நாற்காலியை எதிரே போட்டுத்தான் பேசிப் பார்க்கிறேன். “ஏன் தம்பி, நீ எந்தக் கட்சி?” என்று மேடத்தைப் போல் அது ஒரு தடவை கேட்டுவிட்டால் தேவலை.