முகத்துவாரக்குப்பத்தில் பெண் பார்த்த படலம்

பெண்களின் வரலாற்றை ஆராயக் கிளம்பும் ஆண்களுக்கு, வீட்டிலிருக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமே என்று மட்டும் தோன்றவே தோன்றாது. அந்த வரிசையில் நான் முதல் ஆள்.

தொண்ணூறுகளின் கடைசி. வெள்ளைக்காரன் காலத்துச் சென்னைத் துறைமுகத்தில் பெண், மதம், இனம் என்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். (தலைப்பைச் சொன்னாலே வியாசர்பாடியில் பக்கத்து வீட்டார், "வேல கெட்ச்சா சொல்லு நைனா" என்று நகர்ந்துவிடுவார்கள்.) நெறியாளர் அம்மையார் முதல் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல கலெக்டர் பேசறான், பாதிரியார் பேசறார். ஒரு பொம்பளையாவது பேசறாளா? இந்த மாசத்துக்குள்ள பேச வைக்கலைன்னா வேற கைடு பார்த்துக்கோ."

விடுவேனா? மறுநாளே எண்ணூர் பஸ் ஏறினேன். முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மாளின் குடும்பத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் துறைமுகத்தில் கரி சுமந்தவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் டேப் ரெக்கார்டர்.

கன்னியம்மாள் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பி, "ஏய் செல்வி, மூஞ்சி கய்விக்கினு வா!" என்று மகளைக் கூப்பிட்டார். பாய் விரித்தார்கள். குடிக்கக் கலர் சோடா வந்தது. ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பெரியவங்க யாரும் வர்லியா?"

"இல்லம்மா. நானே முடிவு பண்ணி வந்துட்டேன்."

"தெகிரியந்தான். இன்னா பண்ணிகினு கீற?"

"ஆராய்ச்சி. உங்க வீட்டுப் பொம்பளைங்களப் பத்தித்தான்."

"சம்பளம்?"

"உதவித்தொகை இன்னும் வரல."

கதவோரம் நின்ற செல்வி வாய் திறந்தார்: "யம்மா, எனக்கு வாணாம். கம்பெனில வேல செய்றவனா பாரு. இது நம்மளப் பத்தி எய்திகினு நம்ம சோத்தையே துன்னும்."

அப்போதுதான் தட்டில் பூவும் வெற்றிலையும் என்னைப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. (திருமணச் சடங்குகள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்!) உளறிக்கொட்டி விளக்கினேன். தெருவே கூடிச் சிரித்தது. தட்டை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

பஸ் வந்தது. ஏறவில்லை. இந்தப் பெண்கள் பேசாவிட்டால் படிப்பே போச்சு. மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"இன்னா மாப்ள, தட்ட வாங்கிகினு போவ வந்தியா?" என்றார் கன்னியம்மாள்.

"இல்லம்மா. என்னை வேணாம்னீங்களே, அந்த மாதிரி உங்க வீட்டுப் பொம்பளைங்க வெள்ளைக்காரனை வேணாம்னு சொன்ன கதை ஏதாவது இருக்கா?"

"கன்னத்துலயே வுட்ட கத கீது. குந்து."

செல்வி நான் கொண்டுபோன பழத்தையே உரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கேசட் தீர்ந்தும் பேச்சு தீரவில்லை.

பட்டம் வந்தது, கல்லூரி வேலை வந்தது, கல்யாணமும் நடந்தது. மனைவியைக் குப்பத்துக்கு அழைத்துப் போனபோது கன்னியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நாங்க வாணாம்னு தள்ளிவுட்டத நீ எப்டிமா எட்த்துகினே?"

இன்றும் வீட்டில் நான் பேராசிரியர் தோரணையில் ஏதாவது விளக்க ஆரம்பித்தால், மனைவி பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: "செல்வி தப்பிச்சா."