மூச்சடக்கி மாமா

மதுரையில் கடல் கிடையாது. ஆனால் கடலையே கரைத்துக் குடித்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மூச்சடக்கி மாமா. மற்ற ஊர்களிலும் உண்டு என்று கேள்வி. நம் ஊரில் விளைச்சல் கொஞ்சம் அதிகம்.

அடையாளம் காண்பது எளிது. அவர் காதில் விழும்படி தண்ணீரைப் பற்றி எதையாவது சொல்லிப் பாருங்கள். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம் என்றாலும் சரி, மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்றாலும் சரி, "நாங்கள்லாம் கிணத்துல முங்கி வளந்தவய்ங்க" என்று ஆரம்பித்துவிடுவார். பிறகு உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டக் கிணறு, அதன் அடியில் கழன்று விழுந்த மோட்டார் வால்வு, கையைப் பிசைந்து நின்ற ஊர், ஒரே மூச்சில் முங்கி அதைத் தூக்கி வந்த இவர். முதல் தடவை நான் கேட்டபோது கிணறு நாலு ஆள் ஆழம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஒன்பது ஆள் ஆழம். போர்வெல் வண்டிக்காரர்கள்கூட இவ்வளவு வேகமாகத் தோண்டுவதில்லை.

என் கைவசம் இருக்கும் மாதிரி, ஆனையூரில் பக்கத்து வீட்டுக்காரரான தனிஸ்லாஸ். பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அவருடைய தங்கை மகள் டயானா கடல் உயிரியல் படித்தவள். பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் ஆய்வுக்குழு ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒரே நிபந்தனை, மாதக் கடைசிக்குள் ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்துச் சான்றிதழ் அட்டையோடு வர வேண்டும். அவள் அம்மா பிலோமினாள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நல்ல இடமாப் பாத்துச் சேரு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னதோ, "மாமா விசாரிச்சுச் சொல்லட்டும்."

மாமா விசாரித்தார். ராமேசுவரம் பக்கம் பயிற்சி தரும் தமிழ்வாணி என்ற பெண்ணுக்குத்தான் முதல் போன்.

"எத்தன நாளும்மா?"

"நாலு நாள் சார். வகுப்பு இருக்கு, மதுரையிலயே நீச்சல் குளத்துல பயிற்சி இருக்கு, அப்புறம் கடல்ல நாலு தடவ இறங்கணும். சரியா வரலைன்னா இன்னும் ஒரு நாள் ஆகும்."

"எங்க பிள்ளைக்கு நீச்சல் தெரியும். ஒரு நாளாக் குறைங்க."

"குறைக்க முடியாது சார்."

போனை வைத்துவிட்டு, "தொழில் தெரியாத பொண்ணு" என்று தீர்ப்பு எழுதினார். அடுத்து ஒருவன் கிடைத்தான். காலையில் வந்தால் சாயங்காலம் அட்டையோடு போகலாம், நீச்சலே வேண்டாம், மருத்துவப் படிவம் கிடையாது, ட்ரோன் வீடியோ இலவசம். "இவய்ங்கதாம்மா அனுபவசாலி!" என்று மாமா பூரித்துப்போனார். சிம்மக்கல்லில் ஒரு தர்பூசணி வாங்க இருபது பழத்தைத் தட்டிப் பார்க்கிற மனுஷன். ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைக் கூட்டிப் போவார், காற்று உருளையை எப்போது சோதித்தார்கள், பழகாத ஆளுக்கு அட்டை தராமல் திருப்பி அனுப்புவார்களா என்று ஒரு கேள்வி கேட்டாரா? ட்ரோன் எத்தனை நிமிஷம் பறக்கும் என்று மட்டும் கேட்டார்.

நல்லவேளை, டயானா பிடிவாதக்காரி. தமிழ்வாணியிடம்தான் சேருவேன் என்று நின்றாள். அப்படியானால் அந்தப் பெண்ணை நானே முதலில் சோதித்துப் பார்ப்பேன் என்றார் மாமா. குளத்துப் பயிற்சியன்று புது ஆட்களுக்கான அறிமுக முங்கலுக்கு அவரும் பெயர் கொடுத்தார். காலையில் விழுங்கிய பிரஷர் மாத்திரை வயிற்றில் கரைவதற்குள் மருத்துவப் படிவம் முழுக்க 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்தார். துண்டு பிடிக்க நான் போனேன்.

குளக்கரையில் தமிழ்வாணி சொன்னாள்: "எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. உள்ள இருக்கும்போது மூச்ச அடக்கவே கூடாது. இழுத்துக்கிட்டும் விட்டுக்கிட்டும் இருக்கணும். உருளையில இருந்து இழுத்த காத்த அடக்கிக்கிட்டு மேல வந்தா, அது விரிஞ்சு நுரையீரலே கிழிஞ்சுரும். இந்தக் குளத்துலயே அது நடக்கும்."

மாமா டயானாவின் பக்கம் குனிந்தார். "இது ஒண்ணும் தெரியாத ஆளுகளுக்குச் சொல்றது. நீ நல்லா இழுத்து அடக்கிக்க. நம்ம ரத்தம் அது."

மூவரும் இறங்கினார்கள். பத்தடித் தண்ணீர், கரையிலிருந்தே எல்லாம் தெரிந்தது. தமிழ்வாணியிடமிருந்து குமிழிகள் வந்தன. டயானாவிடமிருந்தும் ஒழுங்காக வந்தன. மாமாவிடமிருந்து ஒன்றுகூட வரவில்லை. தரையில் சம்மணம் போட்டு, விரல்களால் எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார். மூச்சு விடச் சொல்லித் தமிழ்வாணி கையசைத்தாள். மாமா எண்ணினார். திடீரென்று முகம் கோணியது. தரையை உதைத்து மேலே கிளம்பினார். அந்தப் பெண் ஒரு கையால் அவர் முதுகு உருளையின் வாரைப் பிடித்து நிறுத்தி, மறு கையால் வயிற்றில் ஒரு குத்து விட்டாள். பெரிய குமிழி ஒன்று வெடித்து வந்தது. பிறகுதான் மெதுவாக, மூச்சு விட வைத்து விட வைத்து, மேலே கூட்டி வந்தாள்.

வெளுத்துப்போன மாமா என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், உங்கள நான் கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றாள் தமிழ்வாணி.

"பாத்தியா, என்னையக் கண்டு பயந்துருச்சு" என்றார் மாமா என்னிடம்.

டயானாவுக்கு ஐந்து நாள் ஆனது. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது அவளுக்குச் சரியாக வரவில்லை என்று இன்னொரு நாள் பழக்கித்தான் அட்டை கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்துவிட்டாள். அந்த அட்டையைப் படம் எடுத்து, 'எனது மேற்பார்வையில்' என்று எழுதி, மாமா வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார். அன்று முதல் சிம்மக்கல் டீக்கடையில் அவர்தான் கடல்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தபோது பழக்கடைத் தங்கப்பாண்டி வந்தார். மகன் சித்தார்த் அந்தமானுக்குக் கிளம்புகிறான்.

"அண்ணே, பய கடலுக்குள்ள முங்கப் போறானாம். என்ன சொல்லி அனுப்பட்டும்?"

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "ஒண்ணே ஒண்ணுதான் மாப்ள. மூச்ச நல்லா அடக்கிக்கிரச் சொல்லு."

இந்த ஆளுக்கு வெட்கமே இல்லையா? குத்து வாங்கிய வயிறாவது ஞாபகப்படுத்தக் கூடாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடக்கவே கூடாதுங்க, நுரையீரல் கிழிஞ்சுரும்!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. தங்கப்பாண்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எத்தன தடவ முங்கியிருக்கீக?"

துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவன் நான். எனக்கு நீச்சலே தெரியாது. அதைச் சொன்னால் பையன் மூச்சை அடக்கிவிடுவான்.

"நிறைய" என்றேன்.

மாமா என்னை முறைத்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குளத்துக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். தங்கப்பாண்டி உடனே மகனுக்குப் போன் போட்டார். அதோடு நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எவ்வளவு ஆழம் என்று யாரோ கேட்டார்கள். பத்தடி என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் ஐம்பது வந்தது.

இப்போது அந்த விதி உங்களுக்கும் தெரியும். நீங்களும் என்னைப் போலக் கரையிலேயே நின்று கற்றுக்கொண்டீர்கள். நாளைக்கு யாராவது ஸ்கூபா என்று பேச்செடுத்தால் சும்மா இருக்கவா போகிறீர்கள்? எத்தனை தடவை முங்கியிருக்கிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். உங்கள் கிணறு எத்தனை ஆள் ஆழம் என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள்.