நீர்யானையின் வால்

தனி ஆளாகக் கார்ட்டூன் படம் எடுக்கிறவர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பகலெல்லாம் ஏதோ ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குனிந்த தலை நிமிராமல் இருப்பார். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையின் மூலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு நீர்யானையை நாற்காலியில் உட்காரவைக்கப் படாதபாடு படுவார். நீர்யானை உட்காரப் போகும். நாற்காலி நைசாக நகர்ந்துவிடும். நீர்யானை தொப்பென்று விழும். அவ்வளவுதான் கதை. நீங்கள் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் படம் முடிந்துவிடும். வரைந்து முடிக்கத்தான் வருஷக்கணக்கு.

கதை, ஓவியம், இசை, நீர்யானையின் பெருமூச்சு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பெயர் போடுவார். எல்லாம் ஒரே பெயர். படத்தைவிட அந்தப் பட்டியல் நீளம்.

தெரியாத்தனமாக அவர் வீட்டுக்குப் போய்விட்டீர்களா? தொலைந்தீர்கள். படம் ஓடும்போது அவர் திரையைப் பார்க்கமாட்டார்; உங்கள் உதட்டையே பார்ப்பார். முக்கியமான கட்டம் வந்ததும், “இப்ப பாருங்க, இப்ப பாருங்க!” என்று விரலை நீட்டுவார். நாற்காலி அந்த விரலுக்குப் பின்னால் நகர்ந்து முடிந்திருக்கும்.

“பாத்தீங்கல்ல?”

“பாத்தேன், பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சிரிக்கலை?”



ஆனால் நம் சிரிப்பெல்லாம் அவருக்குச் சில்லறை. அவர் உயிரை விடுவது மனைவியின் சிரிப்புக்காக. நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூட விழுந்து விழுந்து சிரிக்கிற அந்த அம்மாள், இந்தப் படத்துக்கு மட்டும் “நல்லாருக்குங்க” என்பார். காய்ச்சல்காரரை விசாரிக்கிற குரலில்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் ஒரு நாள் அது நடந்தேவிட்டது. படம் போட்ட நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிட, நீட்டிய விரலோடு எழுந்து போனார். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி தற்செயலாகத் திரையைப் பார்த்தார். சிரித்தார். சும்மா இல்லை, கண்ணில் நீர் வந்து, மேஜை துடைத்த துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வந்தவரை வாசலிலேயே விட்டுவிட்டு இவர் ஓடிவந்தார்.

“சிரிச்சியா? எந்த இடத்துல? நாற்காலி நகர்றப்பவா?”

“அது இல்லைங்க. நீர்யானை திரும்புது பாருங்க, வாலையே காணோம்! உக்கார்ற அவசரத்துல எங்கேயோ வச்சிட்டு வந்துடுச்சு!”

மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஓர் இடத்தில் வால் போட மறந்திருக்கிறார். வேறு யாராவதாக இருந்தால் சிரிப்பு கிடைத்ததே என்று கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா?

“அது தப்பும்மா. இரு, சரி பண்ணிடறேன்.”

உட்கார்ந்தார். வாலை வரைந்தார். நுனியில் நாலு முடிகூட வைத்தார். மனைவியைக் கூப்பிட்டு மறுபடி போட்டுக் காட்டினார்.

“நல்லாருக்குங்க” என்றார் மனைவி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு விருந்தாளிகளிடம் ஒரு ஜோக் சொன்னீர்களே, பாதியில் யாரோ சிரித்ததும், “இருங்க, இருங்க, சிரிக்கிற இடம் இன்னும் வரலை” என்று கையைக் காட்டி அடக்கியது யார்?