அழுகல் சான்றிதழ்

ஒரு காட்டில் மரங்களைவிட அறிவிப்புப் பலகைகள் அதிகம். அங்கே மாதையன் என்றொரு கரடி குடியிருந்தார். ஐந்து வருஷம் தண்ணீர் சுமந்து அவர் வளர்த்த மாமரங்கள் அந்த வருஷம்தான் முதல்முறை காய்த்தன. வீட்டில் இரட்டைக் குட்டிகள். மழைக்காலம் முழுக்க அவற்றின் வயிற்றுப்பாட்டுக்கு அந்த மாங்காய்களை விட்டால் வேறு கதியில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மாதையன் கெட்டிக்காரர். கல்லெறிந்து உதிர்க்காமல் ஒவ்வொரு காயையும் காம்போடு பறித்தார். பால் வடியக் கவிழ்த்து வைத்தார். அடிபட்டதை அன்றைக்கே தின்று தீர்த்தார். மிச்சத்தை வைக்கோல் போட்டு ஆறு கூடைகளில் அடுக்கி, காட்டு அரசாங்கத்தின் குளிர்க்குகைக்கு வண்டியில் கொண்டுபோனார். குப்பம்மா என்ற மந்தியும் தன் ஆறு கூடைகளைப் பக்கத்திலேயே இறக்கினாள்.

குகை அதிகாரி ஏகாம்பரம் ஒரு கொக்கு. எல்லாக் கூடைக்கும் அரக்கு முத்திரை வைத்தார். மனிதர்களைப் போல லஞ்சம் வாங்குகிறவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை.

நான்காம் நாள் மாதையனின் மூக்கில் ஏதோ உறுத்தியது. கரடி மூக்கு பொய் சொல்லாது.

"ஐயா, மூணாவது கூடையில ஒண்ணு அழுகுது. அத எடுத்துப் போட்டா மத்ததெல்லாம் பொழைச்சிக்கும்."

"முத்திரைய உடைக்கணும்னா அழுகல் சான்றிதழ் வேணுமே."

"யாரு குடுப்பாங்க?"

"காட்டுப்பன்றி டாக்டர். பழத்த அவர் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டணும்."

"அப்ப எடுத்துட்டுப் போறேன்."

"முத்திரைய உடைக்காம எப்படி எடுப்பீங்க?" கொக்கு அன்பாகத்தான் கேட்டார்.

விதிவிலக்குக்கு மனு எழுதி, டோக்கன் வாங்கி, மாதையன் வரிசையில் நின்றார். டாக்டர் முகாம் போயிருந்தார். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதற்குள் ஒன்று பத்தாகி, பத்து ஒரு கூடையாகி, பக்கத்துக் கூடைக்கும் பரவிவிட்டது.

"அண்ணே, அந்த அரக்கப் பிச்சிட்டு எடுத்துப் போடுண்ணே," என்றாள் குப்பம்மா. "நான் என்னுதுல அப்பிடித்தான் பண்ணேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்குதேம்மா," என்றார் மாதையன். நகம் இத்தனை நீளமிருந்தும் என்ன பிரயோஜனம்? அவருக்குப் பயம்.

பத்தாம் நாள் மேலதிகாரி யானை, நன்றாகப் பாதுகாத்த கூடைகளுக்குப் பரிசு கொடுக்க ஆய்வுக்கு வந்தார். மாதையனின் ஆறு கூடைகளிலும் கறுப்புச் சாறு வழிந்தது. அவர் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். யானை துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு படிவத்தை வாசித்தார்.

"முத்திரை உடையாம இருக்கா?"

"இருக்குங்க," என்றார் கொக்கு.

"எல்லாப் பழமும் ஒரே தரமா?"

"ஒண்ணுகூட மாத்தமில்லீங்க."

"பேஷ்! முதல் பரிசு!"

குப்பம்மாவின் பழங்கள் தங்கமாய் மின்னின. குகையின் நாற்றத்தையும் மீறி மணத்தன. ஆனால் முத்திரை உடைந்திருந்தது. யானை வருத்தத்தோடு பறிமுதல் என்று எழுதினார்.

"பரிசு என்னங்க?" மாதையன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு பொன்னாடை, ஆறு கூடை நல்ல மாம்பழம்."

"பழம் எங்கிருக்குங்க?"

யானையின் துதிக்கை குப்பம்மாவின் கூடைகள் பக்கம் நீண்டது.

மாதையன் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். குட்டிகளின் ஒட்டிய வயிறு நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டார். வண்டி கிளம்பியபோது குப்பம்மாவின் பிள்ளைகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. தோளிலிருந்த பொன்னாடையை உருவி, பழம் வெளியே தெரியாதபடி வண்டியின் மேல் நன்றாகப் போர்த்திவிட்டு, வேகமாக இழுத்துக்கொண்டு போனார்.

நீதி: அழுகுவதானால் முத்திரை உடையாமல் மொத்தமாக அழுகு, உருப்படியாக இருந்தால் பறிமுதல் செய்து, அழுகினவனுக்கே பரிசாகக் கொடுத்துவிடுவார்கள்.