இரண்டு வாளிச் சுண்ணாம்பும் இரண்டாவது ஓலையும்

ஒரு சிறைச்சாலையின் வரலாற்றை இரண்டு வாளிச் சுண்ணாம்பால் அழித்தவன் நான். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, சுறுசுறுப்புதான் காரணம். (சோம்பேறியாக இருந்திருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பேன்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு பழைய சிறையைக் காலி செய்து மியூசியமாக்கினார்கள். அதற்கு முதல் சிப்பந்தி நான். வேலையை வாங்கித் தந்தவர், அதே சிறையில் இருபது வருஷம் காவலராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து மாமா. அவர் மகள் ரோசலியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், அதை ஓலை என்போம். முதல் ஓலை வாசித்தாயிற்று.

"வேலையில ஒழுங்கா நில்லு மாப்ள. நீ நின்னாத்தான் அடுத்த ஓலை" என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை திறப்பு விழா. பெரிய துரைமார்கள் வருவதாக இருந்தது. பொறுப்பிலிருந்த பிரெஞ்சுக்காரர் (எங்களுக்கு அவர் முசியே) செவ்வாயன்று சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் காரைக்கால் போனார்.

திருவிழாவோ கல்யாணமோ, வீட்டுக்கு நாலு பேர் வருகிறார்கள் என்றால் எங்கள் ஜனங்கள் முதலில் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். மூன்றாம் அறையைத் திறந்தேன். அடடா, என்ன அலங்கோலம்! சுவர் முழுக்கக் கைதிகள் ஆணியால் கீறிய கோடுகள், ஒரு பாய்மரப் படகு, ஒரு பெண் முகம், காவலர்களைப் பற்றிய வசவுகள். (ஒன்றில் மாமா பெயரும் இருந்தது.) துரைமார்கள் இதையா பார்ப்பது என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, பளிச்சென்று இருக்க நீலமும் கலந்து, இரண்டு பூச்சு அடித்தேன்.

வெள்ளிக்கிழமை திரும்பிய முசியே, அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்கே?"

"எது முசியே?"

"சுவர்!"

"இதான் முசியே. ரெண்டு பூச்சு" என்றேன் பெருமையாக.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கீறல்களைக் காட்டத்தான் மியூசியமே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். படகும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. இனி ரோசலியும் வரமாட்டாள் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆள் அனுப்பியதும் மாமா ஓடிவந்தார். அடிக்கப்போகிறார் என்று ஒதுங்கினேன். அவரோ சுவரைத் தடவினார்.

"இங்கதான் படகு. வீராம்பட்டினத்துக்காரன் ஒருத்தன் கீறினான். தெனம் ஒரு கயிறு சேப்பான், நான் பாக்காத மாதிரி போயிடுவேன். இங்க ஒருத்தன் பொண்டாட்டி மொகம். மூக்குத்தி எந்தப் பக்கம்னு மறந்துபோயி, ரெண்டு பக்கமும் வச்சி வுட்டான், பாவம்."

தம் பெயர் இருந்த இடம் வந்தபோது மட்டும், "இங்க ஒண்ணுமில்ல" என்று நகர்ந்துவிட்டார். முசியே எழுந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

மறுநாள் துரைமார்கள் வெறும் சுவருக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றார்கள். மாமா தமிழில் சொல்ல, முசியே பிரெஞ்சில் சொல்ல, நான் ஒரு கோலை வைத்துக்கொண்டு வெள்ளையில் படகைக் காட்டிக்கொண்டிருந்தேன். மூக்குத்திக் கதைக்கு ஒரு துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாவுக்கு அங்கேயே மறுபடி வேலை கிடைத்தது. வாளியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னையும் வைத்துக்கொண்டார்கள். ஞாயிறன்று இரண்டாவது ஓலையை வாசித்தபோது பின்னால் யாரோ, "ரெண்டாவது பூச்சு" என்றார்கள். ரோசலி முக்காட்டுக்குள் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவருக்கு இன்றுவரை வெள்ளையடித்ததில்லை. பிள்ளைகள் கரியால் கிறுக்கிய கோழியும், கடைக்குட்டி வரைந்த ஏழு விரல் அப்பாவும் அதில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நான் சுண்ணாம்பு ஊறவைத்தால் போதும், ரோசலி நாற்காலியை இழுத்து அந்தச் சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"நான் ஜெயில் காவக்காரர் மவ. இந்தப் பக்கம் வந்து பாருங்க!"